வேலை பார்த்தவன் பின்னால் ஏறணும்

போன மாதம் பட்டறையிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. புதிதாக லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். இரண்டு தூண், நான்கு கை. பொத்தானை அழுத்தினால் வண்டி ஆள் உயரத்துக்கு மேலே போய் நிற்கிறது. படத்தில் ஒரு பிக்கப் வண்டி நான்கு சக்கரங்களையும் தொங்கப் போட்டுக்கொண்டு அந்தரத்தில் நின்றது. கீழே, "அண்ணே, இனிமே படுத்து வேலை பாக்க வேண்டியதில்ல" என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான். நாற்பது வருடம் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, கண்ணில் மண் விழ விழ வேலை பார்த்தவன் நான். என் முதுகுத் தோலில் பாதி அந்தப் பட்டறைத் தரையில்தான் கிடக்கும். "ரொம்ப நல்லாருக்கு. புஷ் போல்ட்டை எங்க வச்சு இறுக்குறீங்க?" என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். அன்றைக்குப் பதில் இல்லை. மறுநாள் வந்தது: "மேல இருக்கும்போதேதான். ஏண்ணே?"

இதற்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை. இரண்டு தடவை எழுதி அழித்தேன். ஒழுங்காகச் சொல்வதென்றால் ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் தெரிந்தே செய்த ஒரு தப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா பூட்டு வேலை செய்தவர். நான் சாவி ராவிப் பழகிவிட்டு, அதில் பொறுமை போதாமல், பதினெட்டு வயதில் திண்டுக்கல் பழனி ரோட்டில் இருந்த வண்டிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் கழுவினேன், துடைத்தேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன். எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கிறான். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் மெக்கானிக் ஆனது, போர்மேனாக ஆரோக்கியம் வந்த பிறகுதான்.

ஆரோக்கியம் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் பட்டறைக்கு வருவார். சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். வண்டிக்கு அடியில் போய் வந்த பிறகும் அந்தச் சட்டை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எங்களுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அவர் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை வரும். "ஏலே பாண்டி" என்று என்னைக் கூப்பிட்டால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். "பாண்டி, செத்த இங்க வாங்க" என்றால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.

பழைய வண்டி ஒன்று வந்தால் அவர் முதலில் ஓட்டிவந்தவரிடம் பேச மாட்டார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பிறகு முன்சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க்கைக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கச் சொல்வார். நான் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். அவர் குனிந்து, சக்கரத்தையும் கீழ்க்கையையும் இணைக்கிற பால் ஜாயின்ட்டின் மேல் ஒரு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்குக் கண்ணால் பார்த்தும் தெரியாத ஆட்டம் அவருக்கு அந்த ஒரு விரலில் தெரிந்துவிடும். "போச்சுலே, மாத்து" என்பார். ஆசையாக நானும் ஒருநாள் அதேபோல விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். "என்னலே, செபம் பண்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. வேறு எந்தப் பட்டறையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. பாரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சர்பர், புஷ் என்று வண்டியின் கீழ்ப்பக்கத்தில் எந்த வேலை முடிந்தாலும், வேலை பார்த்தவன் வண்டியின் பின்னால், சரக்கு ஏற்றுகிற இடத்தில், வெறும் தகரத்தில் ஏறி உட்கார வேண்டும். ஆரோக்கியம் வண்டியை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய், தண்டவாளத்தைத் தாண்டி, திரும்பி வருவார். பின்னால் இருப்பவன் இறங்கி வந்து எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அவன் நல்லா இருக்கு என்று சொன்ன பிறகுதான் வண்டி பட்டறையை விட்டுப் போகும்.

"முன் சீட்டுல உக்காந்து பாத்தா தெரியாதாண்ணே?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"சீட்டுல பஞ்சு இருக்குலே. பஞ்சு எல்லாத்தையும் மறைச்சிரும். வெறும் தகரத்துல உக்காரு. நீ செஞ்ச வேலை உனக்கே சொல்லும்."

லோடோடு வந்த வண்டி என்றால் லோடை இறக்கவும் விட மாட்டார். கோழிக் கூண்டுகளுக்கு நடுவில் நான் கேட் வரை போய் வந்திருக்கிறேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் போய், மூலை திரும்பும்போது கால் ஒரு பெட்டிக்குள் போய், முழங்கால் வரை சிவப்பாகத் திரும்பியிருக்கிறேன். ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள். கேட் அடைத்திருந்தால் இன்னும் மோசம். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் பட்டை கிறீச்சிட்டால், ஷாக் அப்சர்பர் தட்டினால், முதலில் உட்கார்ந்தவனுக்குத்தான் அடி விழும். அதனால் எங்கள் பட்டறையில் யாரும் ஏனோதானோ என்று வேலை பார்த்ததில்லை. அவரவர் உடம்பு அவரவருக்கு முக்கியம்.

இனி புஷ் விஷயம். புஷ் என்பது ஸ்பிரிங் பட்டையின் நுனி வளையத்துக்குள் உட்காரும், ஓர் இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய கெட்டி ரப்பர். ரப்பருக்கு நடுவில் இன்னொரு சின்னக் குழாய். அந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் போல்ட் போகும். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது பட்டை அசையும். அந்த அசைவுக்கு ரப்பர் இரண்டு பக்கமும் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும். வண்டியைத் தூக்கி வைத்திருக்கும்போது அச்சு கீழே தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையைத்தான் தன் இருப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு வண்டியை இறக்கினால், நின்ற இடத்திலேயே அது பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓட ஓடக் கிழியும். அதனால் போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, வண்டியை இறக்கி, வழக்கமான பாரத்தை ஏற்றி, அதன் பிறகு கீழே படுத்துத்தான் முழுசாக இறுக்க வேண்டும். ஆரோக்கியம் வந்த முதல் வாரத்திலேயே எங்களுக்கு இதைச் சொல்லிவிட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நான் வேலையை விடுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது ஈஸ்வரி அந்த வண்டியைக் கொண்டுவந்தாள். கன்னிவாடிப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். வண்டியை உள்ளே கொண்டுவந்து ஒரே வெட்டில் சரியாக நிறுத்திவிட்டு இறங்கினாள். வண்டிக்கு வயது பதினாறு. மீட்டர் ஐந்து லட்சத்தைத் தாண்டி எங்கேயோ நின்றுபோயிருந்தது.

"பின்னாடி கடகடன்னு சத்தம்ணே. இடது பக்கம் வேற இழுக்குது" என்றாள். "இன்னைக்கே வேணும். நாளைக்குச் செவ்வாக்கிழமை. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்."

அவர் என்றால் அவள் கணவர் தங்கவேல். வண்டி அவருடையது. தேங்காய் லோடு அடித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் லோடின் மேலே நின்று கயிறு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து பின்பக்கமாக விழுந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே கால்களில் பலம் போய்விட்டது. ஆப்ரேஷன் முடிந்து, வாரா வாரம் திண்டுக்கல்லுக்கு வந்து கால்களுக்குப் பயிற்சி எடுத்தால் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார்ந்து வர முடியாது. படுத்துத்தான் வர வேண்டும். ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன், என் வண்டி வாசலில் நிற்கிறது என்று அவர் பிடிவாதம். ஈஸ்வரி வண்டி ஓட்டப் பழகி, பின்னால் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, நான்கு மூலையிலும் கட்டி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அவரைக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். மற்ற நாட்களில் அதே வண்டியில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் மார்க்கெட்டுக்கு ஏற்றினாள்.

அன்றைக்கு ஆரோக்கியம் இல்லை. அவருடைய பேரனுக்கு ஞானஸ்நானம் என்று ஊருக்குப் போயிருந்தார். நான்தான் பார்த்தேன். பின்பக்கம் பட்டைக் கட்டு இரண்டிலும் புஷ் எல்லாம் தேய்ந்து, போல்ட் நேரடியாக இரும்பில் இடித்துக்கொண்டிருந்தது. ஷாக் அப்சர்பர் நான்கும் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன. முன்னால் இடது கீழ்ப் பால் ஜாயின்ட் போயிருந்தது. எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய புஷ் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு, வெளிக் குழாயை மட்டும் பட்டையின் வளையத்தில் கீறல் படாமல் அறுத்து, அடித்து எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். அதிலெல்லாம் நான் குறை வைக்கவில்லை.

கடைசியில் போல்ட் இறுக்குகிற இடத்துக்கு வந்தேன். அந்த வருடம் எனக்கு முட்டி வலி ஆரம்பித்திருந்தது. வண்டியை ஸ்டாண்டில் உயர்த்தி வைத்திருந்தால் குந்தி உட்கார்ந்தே இறுக்கிவிடலாம். இறக்கிவிட்டால் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, குறுகலில் நகர்ந்து போக வேண்டும். ஈஸ்வரி வேறு, முடிந்ததா முடிந்ததா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். தூக்கி வைத்தபடியே எல்லாப் போல்ட்டையும் இறுக்கினேன். பின்னால் ஏறி கேட் வரை போகவும் இல்லை. ஏறச் சொல்லுவதற்கு ஆரோக்கியம் இல்லையே!

மூன்று வாரம் கழித்து ஈஸ்வரி திரும்பி வந்தாள். வண்டி உள்ளே வரும்போதே பின்னாலிருந்து வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் இறங்கிக் கதவைச் சாத்தக்கூட இல்லை.

"முன்னைக்கு இப்பத்தாண்ணே ஜாஸ்தி வலிக்குதாம். போன வாரம் வீட்டுக்குப் போய்ச் சேந்தப்ப மனுசன் உதட்டக் கடிச்சு ரத்தம் வந்துருக்கு. இந்த வாரம் வரலைன்னுட்டாரு. ஆஸ்பத்திரில குடுக்குற பலமெல்லாம் ரோட்டுலயே போயிருதாம். இனிமே வரவே மாட்டேன்ங்குறாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவரு இத விட்டுட்டா அம்புட்டுத்தாண்ணே. எந்திரிக்கவே மாட்டாரு" என்றாள்.

ஆரோக்கியம் வண்டிக்கு அடியில் போனார். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் போனது. பிறகு குரல் வந்தது.

"பாண்டி, செத்த இங்க வாங்க."

புஷ் ரப்பர் ஓரமெல்லாம் கிழிந்து நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. அவர் அதைக் காட்டவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டார். வெளியே வந்து, "பின்னாடி ஏறுங்க" என்றார். நான் ஏறி வழக்கம்போல உட்கார்ந்தேன். "உக்கார வேணாம். அவரு படுத்துத்தான வாராரு? படுங்க" என்றார்.

வெறும் தகரத்தில் மல்லாந்து படுத்தேன். அவர் வண்டியை எடுத்தார். முதல் குழியிலேயே என் பற்கள் மோதிக்கொண்டன. உட்கார்ந்திருக்கும்போது வராத அடி அது. இடுப்பில் தொடங்கி நேராக மண்டைக்குள் ஏறியது. கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது நான் கையைத் தரையில் ஊன்றி என்னைத் தூக்கிக்கொண்டேன். தங்கவேலால் அதுகூட முடியாதே என்று அப்போது உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்பட ஒன்றும் இல்லை, வந்தது வந்ததுதான்.

திரும்பி வந்து இறங்கினேன். "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தூக்கி வச்சே இறுக்கிட்டேண்ணே. முட்டி வலி. படுக்க முடியல."

"முட்டி வலின்னு சொல்லியிருந்தா, நான் ஊர்ல இருந்து வந்து படுத்துருப்பேனேங்க" என்றார். அறுபத்து மூன்று வயது அவருக்கு. அன்றைக்கு அவர் என்னை அறைந்திருந்தால் தேவலை.

புஷ் பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அவர்தான் கண்டுபிடித்தார். பின்பக்கப் பட்டைக் கட்டில், கம்பெனி கொடுத்ததற்கு மேல், பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் கூடுதலாக இருந்தன. தேங்காய் லோடு தாங்க வேண்டும் என்று தங்கவேல் சேர்த்தது. அவ்வளவு பட்டைக்கு ஒரு மனிதனும் ஒரு கட்டிலும் ஒரு பாரமே இல்லை. கட்டு அசையவே அசையாது. ரோட்டில் விழுகிற அடி அப்படியே கட்டிலுக்குப் போகும்.

"பக்கத்துக்கு ரெண்டு பட்டையக் கழட்டுனா சரியாப் போகும்" என்றார் ஆரோக்கியம். பிறகு தயங்கினார். "வண்டிக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேட்டா வேணாம்பாரு" என்றாள் ஈஸ்வரி. "நான் முன்னாடியே சொல்லிப் பாத்துட்டேன். அந்தப் பட்ட இருந்தாத்தான் அவரு எந்திரிச்சு வந்து மறுபடி தேங்கா லோடு ஏத்துவாராம். கழட்டிட்டா, இனிமே நீ ஏத்த மாட்டேன்னு நாங்களே சொல்லிட்ட மாதிரியாம்."

ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே துடைத்த கைதான். "நீங்க என்னம்மா சொல்லுறீங்க?"

அவள் வண்டியைப் பார்த்தாள். "ஓட்டுறது நான். கழட்டுங்க."

மறுநாள் காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும்தான் அந்த வேலையைச் செய்தோம். அவர் வேறு யாரையும் தொட விடவில்லை. பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டை அவிழ்த்து, பட்டைக் கட்டை இறக்கி, சி கிளாம்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டை வெட்டினோம். கிளாம்பை மெதுவாகத் தளர்த்தும்போது பட்டைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து பிரிந்தன. அந்த நேரத்தில் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. பட்டைகளுக்கு நடுவில் பதினாறு வருடத்து மண்ணும் துருவும் அப்பளமாக வந்தது. சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவி, கூடுதல் இரண்டை விலக்கிவிட்டு, மறுபடி அடுக்கினோம். பழைய யூ போல்ட் நீளம். அதை மறுபடி போட அவர் சம்மதிக்கவில்லை. புதிதாக அளவுக்கு வாங்கி வந்து, குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். புது புஷ் போட்டோம். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டோம்.

பிறகு வண்டியை இறக்கினோம். ஈஸ்வரியிடம் அவள் கணவர் எடை என்ன என்று கேட்டார் ஆரோக்கியம். "முன்ன எழுவத்தஞ்சு இருந்தாரு. இப்ப அறுவதுதான் இருப்பாரு" என்றாள். அந்த எடைக்கு மணல் மூட்டை கட்டி, கட்டிலையும் ஏற்றி, அவர் எப்படிப் படுப்பாரோ அப்படியே மூட்டைகளை நீளமாகக் கிடத்தினோம். வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி, பட்டை தன் இடத்தில் அமரட்டும் என்று விட்டோம். நான் சாக்கை எடுத்து விரித்தேன். ஆரோக்கியம் எனக்கு முன்னால் அதில் படுத்துவிட்டார்.

"நீ ஸ்பேனர எடுத்துக் குடு. முட்டிய மடக்காத" என்றார் கீழே இருந்து. 'நீ' என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

வேலை முடிந்ததும், கழற்றிய நான்கு பட்டைகளும் ஓரத்தில் கிடந்தன. சாதாரணமாக அரிவாள் அடிக்கிறவர்கள் வந்து கேட்டு எடுத்துப் போவார்கள். ஆரோக்கியம் அவற்றைத் துடைத்து, கிரீஸ் பூசி, பழைய நீள யூ போல்ட்டுகளோடு சேர்த்துச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, வண்டியின் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அவரு பொருள் அவரு வண்டியில இருக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "வேலை பார்த்தவன் பின்னாடி ஏறணும்லே. இந்தத் தடவ கேட் வரைக்கும் இல்ல. ஆஸ்பத்திரி வரைக்கும்."

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறிக் கன்னிவாடிக்குப் போனேன். தங்கவேல் வரமாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். முகத்தில் எலும்புதான் தெரிந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தம்பி, போன தடவ தப்புப் பண்ணுனது நான்தான். இன்னைக்கு ஒரு நாள் வாங்க. நானும் உங்ககூடப் பின்னாடியே வாரேன். வலிச்சா என்னைய அடிங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் தூக்குவதற்குக் கையை நீட்டினார்.

கட்டிலில் அவர், பக்கத்தில் தகரத்தில் நான். ஈஸ்வரி வண்டியை எடுத்தாள். ஊரைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை வரும். அது வருவதற்கு முன்பே தங்கவேல் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஏறி, அமுங்கி, இறங்கியது. அவ்வளவுதான். அவர் கண்ணைத் திறந்தார். பிடித்த பிடியை விடவில்லை. அடுத்த குழி வரை காத்திருந்தார். அதுவும் போனது.

"பக்கத்துக்கு ரெண்டு பட்ட குறையுது" என்றார்.

முதுகிலேயே எண்ணிவிட்டார் மனிதர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முன்னால் கண்ணாடி வழியாக ஈஸ்வரியின் பின்தலை தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"யாரு கழட்டச் சொன்னா?"

"நான்தான் கழட்டுனேன்" என்றேன். அது பொய்யும் இல்லை.

அவர் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. வலியில் வந்தது இல்லை அது. எனக்குப் பதற்றமாக இருந்தது. "தூக்கிப் போடல தம்பி. நாலு பட்டையும் சீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு. கிரீஸ் பூசி, சாக்குல கட்டி வச்சிருக்கோம். நீங்க நடந்து வந்து கேளுங்க. அன்னைக்கே மாட்டித் தாரேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது, "நெசமாவா?" என்று கேட்டார். "நெசமா" என்றேன். அதன் பிறகு எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவர் வரமாட்டேன் என்று சொன்னதில்லை என்று ஈஸ்வரி பின்னால் சொன்னாள்.

இரண்டு வருடம் போனது. மாதம் ஒருமுறை யூ போல்ட்டை இறுக்குவதற்கு ஈஸ்வரி வண்டியைக் கொண்டுவருவாள். "இப்ப உக்காருறாரு", "இப்ப சுவரைப் பிடிச்சு நிக்கிறாரு" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு செய்தி வரும். நாங்கள் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடிப்போம். ஏதோ எங்கள் பிள்ளை பரீட்சை எழுதிக்கொண்டிருப்பது போல இருந்தது.

நான் வேலையை விட்ட மாதம் அது. காலையில் வண்டி வந்து நின்றது. முன் சீட்டின் இடது கதவு திறந்தது. முதலில் ஒரு கைத்தடி வந்தது, பிறகு ஒரு கால், பிறகு தங்கவேல். இறங்கி நின்று, வேட்டியைச் சரி செய்துகொண்டு, வாசலிலிருந்து பட்டறை நடு வரை தனியாக நடந்து வந்தார். எத்தனை எட்டு என்று எண்ண வேண்டும் என்று நினைத்தேன். கண் மறைத்ததால் முடியவில்லை. ஆரோக்கியம் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் முகத்தைத் துடைத்தார். அந்தச் சட்டையில் நான் பார்த்த ஒரே கறை அதுதான்.

"வந்துட்டேன்ணே" என்றார் தங்கவேல்.

நான் ஓடிப்போய் சீட்டுக்குப் பின்னாலிருந்து சாக்கு மூட்டையை இழுத்து வந்து, கயிற்றை அவிழ்த்தேன். பட்டையில் ஒரு பொட்டுத் துரு இல்லை. "சொன்ன சொல்லு சொன்னதுதான். இன்னைக்கே மாட்டிருவோம்" என்று ஸ்பேனரை எடுத்தேன்.

தங்கவேல் குனிந்து பட்டையை ஒரு தடவை தடவினார். பிறகு நிமிர்ந்து, "என்னையக் கேக்காதீங்கண்ணே. அவகிட்டக் கேளுங்க. ஓட்டுறது அவ" என்றார்.

ஈஸ்வரி இதை எதிர்பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "அடுத்த மாசம் தேங்கா எடுக்கலாம்னுதான் இருக்கேன்" என்றாள். "அர லோடுதான். பக்கத்துக்கு ஒண்ணு மாட்டுங்க, போதும். மீதி பழைய எடத்துலயே கிடக்கட்டும்."

பக்கத்துக்கு ஒன்று மாட்டினோம். வண்டியை இறக்கி, மூட்டை ஏற்றி, புஷ் போல்ட்டுகளை இறுக்கினோம். யூ போல்ட்டின் கடைசி நட்டுக்கு வரும்போது ஆரோக்கியம் ஸ்பேனரைத் தங்கவேலிடம் நீட்டினார். அவர் தடியை வண்டியில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கையால் பாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மறு கையால் அதை முடுக்கினார். நெற்றியில் வேர்த்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

பிறகு நான் பின்னால் ஏறினேன். என் வேலையில் அதுதான் கடைசித் தடவை. தங்கவேலும் தடியை உள்ளே போட்டுவிட்டு ஏறப் பார்த்தார்.

"நீங்க எங்க ஏறுறீங்க? முன்னாடி வாங்க" என்று ஈஸ்வரி சத்தம் போட்டாள்.

"வேலை பாத்தவன் பின்னாடி ஏறணுமாம்ல? நானும் ஒரு நட்டு இறுக்குனேன்ல?"

ஆரோக்கியம் தலையை ஆட்டிவிட்டார். அவர் போட்ட சட்டம். அவரும் நானும் சேர்ந்து தங்கவேலைத் தூக்கி ஏற்றினோம். அவர் முதுகைக் கேபினில் சாய்த்துக்கொண்டு, வெறும் தகரத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆரோக்கியம் முன் சீட்டில் ஏறினார். ஈஸ்வரி வண்டியை எடுத்தாள்.

கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தில் முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. தங்கவேல் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார்.

"பக்கத்துக்கு ஒண்ணு குறையுது" என்றார், அவளுக்குக் கேட்கும்படி.

"குறைஞ்சா குறையட்டும்" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. கியர் மாறியது.